வரைபடத்தைக் கடைசியில் வரையுங்கள்: போர் ஆட்டக் களம் செய்யப் புதிதாக வருவோருக்கு

ஒன்பது மாதத்தில் நான்கு களம் செய்தேன். மூன்றைக் கிழித்துப் போட்டேன். அந்த மூன்றில் இரண்டு, பெரிய தாளில் வண்ணத்தில் அச்சடித்து, லேமினேட்டும் செய்தவை.

நான் செய்தது பெரிய கணினி விளையாட்டு அல்ல. இரண்டிலிருந்து ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து, வரைபடத்தில் இடம் பிடித்து, பகடை உருட்டிச் சண்டை போடும் வகை. ரிஸ்க் என்ற பலகை விளையாட்டை ஆடியிருந்தால் உங்களுக்குப் புரியும். களம் 1942 பிப்ரவரி சிங்கப்பூர், பிரிட்டிஷாரிடமிருந்து ஜப்பானியர் தீவைப் பிடித்த போர். நீங்கள் மதுரையை வைத்துச் செய்தாலும் செவ்வாய்க் கிரகத்தை வைத்துச் செய்தாலும் வேலையின் வரிசை இதுதான்.

என் தவறு ஒன்றுதான். அதையே விதவிதமாகச் செய்தேன். முதலில் அழகாக வரைந்து முடித்துவிட்டு, அப்புறம் ஆடுபவர்களிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். ராத்திரி கண்விழித்து வரைந்தவன் முகத்துக்கு நேரே குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? "சூப்பர் அண்ணே" என்றார்கள். மூன்றாம் ஆட்டத்துக்கு யாரும் வரவில்லை.

1. காலண்டர் தாளின் பின்பக்கம்

இங்கே சிங்கப்பூர் தேக்கா கடைகளில் வருடப் பிறப்புக்குக் கொடுக்கும் மாதக் காலண்டர் இருக்கிறதல்லவா, அதில் பழைய தாளைக் கிழித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வட்டம். எங்கிருந்து எதைத் தாக்கலாமோ அங்கே ஒரு கோடு. கடற்கரை வேண்டாம், வண்ணம் வேண்டாம், ஊர்ப் பெயரைச் சுருக்கி எழுதினால் போதும்.

பிறகு ஒரு நோட்டில் இணைப்புப் பட்டியல் எழுதுங்கள். ஒவ்வோர் இடத்தின் பெயர், எதிரில் அது தொடும் இடங்களின் பெயர்கள். உங்கள் கையில் இருக்கப்போகும் ஆவணங்களில் இதுதான் முக்கியம், படம் அல்ல. கிராஞ்சிக்கு எதிரில் தெங்கா இருந்தால், தெங்காவுக்கு எதிரிலும் கிராஞ்சி இருக்க வேண்டும். இதை நான் ஒருமுறை சிலேத்தாருக்கும் நீ சூனுக்கும் விட்டுவிட்டேன். அது தொடுகிறதா இல்லையா என்று இரண்டு பேர் இருபது நிமிடம் வாதாடினார்கள்; டீ ஆறியதுதான் மிச்சம்.

தாளின் தலையில் களத்தின் வரிசை எண்ணையும் தேதியையும் எழுதிவிடுங்கள். ஒரு மாதம் கழித்து யாரோ சொன்ன குறை எந்தக் களத்தைப் பற்றியது என்று தெரியாமல் விழிப்பீர்கள்.

2. எத்தனை இடம்? இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்

இந்த வகை ஆட்டத்தில் வழக்கமான விதி: உங்கள் கையில் உள்ள இடங்களை மூன்றால் வகுத்து, முழு எண்ணை மட்டும் எடுத்து, அத்தனை புதுப் படை கிடைக்கும். எவ்வளவு குறைந்தாலும் 3 உண்டு.

நான் முதலில் 36 இடம் வைத்தேன். மூன்று பேர் ஆடினால் ஆளுக்கு 12, ஆளுக்கு 4 படை. கணக்கு அழகாக வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் முதலில் ஆடுபவர் இரண்டாமவரிடமிருந்து ஒரே ஓர் இடத்தைப் பிடித்தால் என்ன ஆகிறது? இரண்டாமவர் கையில் 11. அவருடைய முறை ஒருதடவைகூட வருவதற்கு முன்பே அவருக்கு 4 படை 3 ஆகிவிடுகிறது. ஆட்டத்துக்கு ஆட்டம் முதலில் ஆடியவரே ஜெயித்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய திறமை என்று நினைத்தேன். "அண்ணே, யார் முதல்ல ஆடுறதுன்னு உருட்டுறோம்ல, அதோட ஆட்டம் முடிஞ்சிருது" என்று தேசிய சேவை முடித்து வந்திருந்த பக்கத்து வீட்டுத் தம்பிதான் சொன்னான்.

ஆகவே தொடக்கத்தில் ஆளுக்கு 12, 15, 18, 21 என்று மூன்றின் மடங்கு வரக் கூடாது. 12-க்குக் கீழே கவலையில்லை, எப்படியும் 3 படைதான். நான் கடைசியில் பங்கு போடும் இடங்களை 42 ஆக்கினேன். மூவருக்கு ஆளுக்கு 14. மூன்று இடம் போனால்தான் படை குறையும். நால்வருக்கு 10, ஐவருக்கு 8, அறுவருக்கு 7. மிச்சம் விழுவது நடுநிலை, அதாவது யாருக்கும் சேராத இடம். இருவர் ஆடினால் நேர்பாதியாக 21 கொடுக்காதீர்கள். மூன்று பங்காகப் பிரித்து ஒரு பங்கை நடுநிலையாக்கிவிடுங்கள். ரிஸ்க் பலகையிலும் 42 இடங்கள்தான். நாலு மாதம் சுற்றி அலைந்து அவர்கள் வீட்டு வாசலுக்கே போய்ச் சேர்ந்தேன்.

3. வட்டாரமும் போனஸும்

பக்கத்துப் பக்கத்து இடங்கள் சில சேர்ந்தது ஒரு வட்டாரம். அதை முழுதாகப் பிடித்தவருக்குக் கூடுதல் படை. எவ்வளவு என்பதை வட்டாரத்தில் எத்தனை இடம் என்று மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதைக் காக்க எத்தனை வாசலில் ஆள் நிறுத்த வேண்டும் என்று எண்ணுங்கள். ரிஸ்கில் ஆஸ்திரேலியாவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் நாலு நாலு இடம், போனஸ் இரண்டுக்கும் 2. ஆனால் ஆஸ்திரேலியாவுக்கு ஒரே வாசல், தென் அமெரிக்காவுக்கு இரண்டு. அதனால்தான் எல்லாரும் ஆஸ்திரேலியாவுக்கு அடித்துக்கொள்கிறார்கள்.

என் களத்தில் அந்த ஆஸ்திரேலியா, தீவுக்கு வடக்கே நீரிணைக்கு அப்பால் உள்ள ஜோகூர். நாலு இடம், கடற்பாலம் மட்டும் வழி. ஜோகூரைப் பிடித்தவர் வாசலில் மொத்தப் படையையும் குவித்துவிட்டு கோப்பி குடிக்கப் போகலாம். சரி, சரித்திரத்தையே பார்ப்போம் என்று திருத்தினேன். 1942 ஜனவரி 31 அன்று பின்வாங்கிய பிரிட்டிஷ் தரப்புப் படைகள் கடற்பாலத்தைத் தகர்த்தன. பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர் படகில் சாரிம்புன் கரையில் இறங்கினார்கள், மறுநாள் இரவு கிராஞ்சியில். ஆகவே கடற்பாலக் கோட்டை அழித்து, இரண்டு படகுக் கோடு போட்டேன். சரித்திரப்படியே இருக்கட்டும் என்று ஜோகூரிலிருந்து தீவுக்கு மட்டும் அம்புக்குறி.

முன்னைவிட மோசம்! திருப்பித் தாக்க வழியே இல்லாததால் ஜோகூர்க்காரர் காக்க வேண்டிய வாசல் பூஜ்யம். முதல் ஆட்டத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருவழிக் கோடு போட ஆசைப்பட்டால், அது யாருக்குக் காவல் செலவை மிச்சப்படுத்துகிறது என்று முதலில் பாருங்கள். இப்போது படகுக் கோடுகள் இருவழி.

முட்டுச் சந்து இன்னொரு பொறி. புலாவ் உபினைச் சாங்கியோடு மட்டும் இணைத்திருந்தேன். தோற்கப்போகிறவர் அங்கே போய் ஒளிந்துகொள்வார், அவரைத் தேடி அடிக்க யாருக்கும் லாபமில்லை, ஆட்டம் முடியாமல் இழுக்கும். உபினை ஜோகூரோடும் இணைத்ததும் அது சரியானது. ஜோகூருக்கு வாசல் மூன்றாகி, போனஸ் 3 நியாயமாகவும் ஆனது.

சின்ன வட்டாரம் வைத்தால் இன்னொரு கணக்கும் போட வேண்டும். பங்கு போடும்போதே யாருக்காவது வட்டாரம் முழுதாகப் போய்விடுமா? 42 இடம், மூவர் ஆட்டம் என்றால்:

– 2 இடமுள்ள வட்டாரம்: நூற்றுக்குக் கிட்டத்தட்ட 32 ஆட்டங்களில் யாரோ ஒருவருக்குத் தொடக்கத்திலேயே முழுதாகப் போகும்.
– 3 இடம்: நூற்றுக்கு 9 அல்லது 10.
– 4 இடம்: நூற்றுக்கு 3-க்கும் குறைவு.

எனக்குத் தென்தீவுகள்தான் தலைவலி. புக்கோம், பிரானி, பிளாக்காங் மாத்தி, அதாவது இன்றைய செந்தோசா. மூன்றே இடம். பிளாக்காங் மாத்தியைப் பங்கில் சேர்க்காமல், தொடக்கத்தில் 3 நடுநிலைப் படையோடு நிறுத்தினேன். புக்கிட் தீமாவுக்கும் அப்படியே. மொத்தம் 44 இடம், பங்குக்கு 42. மேலே சொன்ன கணக்கையெல்லாம் பங்குக்குப் போகும் இடங்களை வைத்துப் போட வேண்டும், மொத்தத்தை வைத்து அல்ல.

4. அடிப்படம் எங்கே எடுப்பது, யாரிடம் கேட்பது

வேறொரு விளையாட்டின் பலகைப் படத்தைக் கணினியில் திறந்து அதன்மேல் வரையாதீர்கள். ஆடும் முறைக்கும் யோசனைக்கும் பதிப்புரிமை இல்லை; படம், எழுத்து, சின்னம், வணிகப் பெயர் ஆகியவற்றுக்குச் சொந்தக்காரர் உண்டு. உங்கள் ஆட்டத்துக்கு ரிஸ்க் என்ற சொல் வரும்படி பெயர் வைக்காதீர்கள்.

கடற்கரைக் கோட்டுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தை எடுத்தால் இலவசம். ஆனால் அதன் பங்களிப்பாளர்களுக்கு நன்றி வரி களத்தின் ஓரத்தில் இருந்தே ஆக வேண்டும், உரிமம் கேட்பது அதைத்தான். சிங்கப்பூர் நில ஆணையத்தின் ஒன்மேப்பும் உண்டு, அதன் பயன்பாட்டு விதிகளைப் படித்துவிட்டு எடுங்கள். பழைய வரைபடங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் இருக்கின்றன. பார்ப்பது வேறு, பிரதி எடுத்து வெளியிடுவது வேறு. ஒவ்வொன்றின் உரிமை விவரத்தையும் பார்த்து, தேவையானால் எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை காலண்டர் தாளிலேயே ஆடலாம், நாள் வீணாகாது.

இன்றைய கடற்கரையை அப்படியே எடுத்து 1942-க்குப் போடாதீர்கள். 1960-களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த சிங்கப்பூர் இன்று 730-ஐத் தாண்டிவிட்டது, எல்லாம் கடலைத் தூர்த்தது. நான் 'மரீனா' என்று ஓர் இடம் வைத்து, அதில் படையும் நிறுத்தியிருந்தேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் குடியிருக்கும் பெரியவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒங்க ஆளுங்க எல்லாம் தண்ணியில நிக்கிறாங்க" என்றார். துவாஸின் பெரும்பகுதியும் சாங்கி விமான நிலையப் பக்கமும் இப்படித்தான்.

5. ஆட்களும் இடமும்

உங்கள் மனைவி, தம்பி, நெருங்கிய நண்பர் ஆகியோர் முதல் ஆட்டத்துக்கு மட்டும். அதற்கு மேல் அவர்கள் உங்களுக்காக ஆடுவார்கள், ஆட்டத்துக்காக அல்ல. எனக்கு நன்றாக உதவியவர்கள் மூன்று வகை: இந்த வகை ஆட்டத்தை வெறிபிடித்து ஆடுகிறவர் ஒருவர், வாழ்க்கையில் ஆடியே இராதவர் ஒருவர், எதையும் பாதியில் விட்டுப் போகிற பதின்ம வயதுப் பையன் ஒருவன். மூன்றாமவன் எந்தச் சுற்றில் கைப்பேசியை எடுக்கிறான் என்று பார்த்தாலே போதும், ஆட்டம் எங்கே தொய்கிறது என்று தெரிந்துவிடும்.

ஞாயிறு மதியம் மூன்று மணி எங்களுக்கு ஒத்துவந்தது. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் யாரும் கிடைக்க மாட்டார்கள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதும் பிள்ளை உள்ள வீட்டை செப்டம்பரில் தொந்தரவு செய்யாதீர்கள், அம்மாக்கள் உங்களை மன்னிக்க மாட்டார்கள். ஜூன் விடுமுறையும் வருடக் கடைசி விடுமுறையும் பொற்காலம்.

மூன்று நான்கு பேர் என்றால் புளோக் கீழ்த்தளத்துக் கல்மேசை போதும், காற்றுக்கு மட்டும் தாளை நாலு மூலையிலும் ஒட்டிவிடுங்கள். மேசை நாற்காலி போட்டு நிகழ்ச்சி மாதிரி நடத்துவதென்றால் நகர மன்ற அனுமதி வேண்டும். சமூக மன்றத்தில் அறை எடுக்கலாம், மக்கள் கழகத்தின் ஒன்பிஏ வழியாகப் பதிவு செய்ய வேண்டும், கட்டணம் அறைக்கு அறை மாறும், வார இறுதிக்கு முன்கூட்டியே பிடியுங்கள். அங்குள்ள இந்தியர் நற்பணிச் செயற்குழுவில் தெரிந்தவர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், பிள்ளைகளுக்கான நிகழ்ச்சியோடு சேர்த்துக்கொள்ளக்கூடும். உணவகத்தில் உட்கார்ந்து ஆடும் யோசனை வேண்டாம். ஒரு கடையில் இரண்டு தேநீருக்கு இரண்டரை மணி நேரம் இருந்துவிட்டு, தட்டு துடைக்கும் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். தப்பு எங்கள்மேல்தான்.

படைக்குச் சமையலறைப் பருப்பு நல்லது: துவரை, பச்சைப்பயறு, கறுப்பு உளுந்து, வெள்ளைக் காராமணி, கொண்டைக்கடலை, ராஜ்மா. ஆறு பேருக்கு ஆறு வகை. முதலில் பச்சைச் சில்லும் சிவப்புச் சில்லும் வைத்திருந்தேன். ஒருவர் திரும்பத் திரும்பத் தன் படையையே தாக்கினார். கேலி செய்த பிறகுதான் தெரிந்தது, அவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது என்று. இன்றும் கூச்சமாக இருக்கிறது. வண்ணத்தை மட்டும் நம்பாமல் வடிவமும் வேறாக இருக்கட்டும்.

6. ஆட்டம் நடக்கும்போது வாயை மூடுங்கள்

இது கஷ்டமான வேலை. விதித் தாளைக் கொடுத்துவிட்டு ஓர் ஓரமாக உட்காருங்கள். தப்பாக ஆடினாலும் திருத்தாதீர்கள், குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் வெளியே போனபின் ஒவ்வொரு வீட்டிலும் நீங்கள் போய் நின்று விளக்கவா முடியும்?

நோட்டில் இவை போதும்: யார் முதலில் ஆடினார், எந்தச் சுற்றில் முதல் வட்டாரம் பிடிபட்டது, எந்த இடத்தை யாரும் தொடவே இல்லை, யார் எப்போது வெளியேறி எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார், எந்தக் கேள்வி இரண்டு முறை கேட்கப்பட்டது. விரல்களையும் பாருங்கள். ஒருவர் இரண்டு இடத்துக்கு நடுவே விரலை வைத்துத் தயங்கினால், அந்தக் கோடு சரியாகத் தெரியவில்லை என்று பொருள். அவரிடம் பிறகு கேட்டால் "எல்லாம் நல்லா தெரிஞ்சுது" என்பார்.

7. முடிந்ததும் என்ன கேட்பது

"பிடிச்சிருந்ததா?" வேண்டாம். நான் அரைத்தாளில் நாலு கேள்வி அச்சடித்து வைத்திருக்கிறேன்.

– எந்தச் சுற்றில் ஜெயிப்போம் அல்லது தோற்போம் என்று தெரிந்தது?
– மறுபடி ஆடினால் எந்த இடத்தை முதலில் பிடிப்பீர்கள்?
– எந்த விதியை உங்கள் இஷ்டத்துக்கு ஊகித்து ஆடினீர்கள்?
– எப்போது சலித்தது?

இரண்டாவது கேள்விக்கு மேசையில் எல்லாரும் ஒரே இடத்தை எழுதினால் உங்கள் போனஸ் கணக்கு தப்பு. தாளைப் பேச்சு தொடங்கும் முன் கொடுங்கள். ஒருவர் வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் அதையே எழுதுவார்கள். பெயர் போதும், அடுத்த ஆட்டத்துக்கு அழைக்க வேண்டுமானால் கைப்பேசி எண். அடையாள அட்டை எண் கேட்காதீர்கள். அமைப்பின் பெயரில் நடத்தினால் 2019 செப்டம்பர் முதல் அதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. பிள்ளைகளைப் படம் எடுப்பதென்றால் பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

8. சொன்னதையெல்லாம் செய்யாதீர்கள்

தோற்றவர் களத்தைத் திட்டுவார். அது பெரும்பாலும் பகடையின் வேலை. தாக்குபவர் மூன்று, காப்பவர் இரண்டு பகடை உருட்டினால் நூற்றுக்கு 37 தடவை காப்பவர் இரண்டு படையும் இழப்பார், 29 தடவை தாக்குபவர் இரண்டும் இழப்பார், மிச்சத்தில் ஆளுக்கொன்று. ஆளுக்கு ஒரு பகடை என்றால் தாக்குபவர் ஜெயிப்பது 42 தடவைகூட இல்லை. ஒருவருக்கு ஒரு மதியம் முழுக்கக் கெட்ட பகடை விழுவது சாதாரணம். அதற்காகக் கோட்டை அழிக்காதீர்கள். ஒரே குறை மூன்று வெவ்வேறு மேசையில் வந்தால்தான் நான் கை வைப்பேன்.

குறையை நம்புங்கள், அவர்கள் சொல்லும் மருந்தை நம்ப வேண்டாம். "சாங்கிக்கு இன்னும் ரெண்டு படை குடுங்க" என்றார் ஒருவர். உண்மையில் அவர் தவித்தது, சாங்கியிலிருந்து எங்கே போனாலும் அடி விழுந்ததால். பிடோக் பக்கம் ஒரு கோட்டை எடுத்ததும் சரியாகிவிட்டது, படை கொடுக்கவில்லை. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். நாலு மாற்றம் செய்து ஆட்டம் நன்றாக வந்துவிட்டால், எதனால் வந்தது என்று உங்களுக்கே தெரியாது.

ஒரே ஒரு கருத்தை மட்டும், ஒருவர் சொன்ன உடனே ஏற்றேன். அலெக்சாண்டிரா மருத்துவமனையை ஒரு போனஸ் இடமாக வைத்திருந்தேன், பிடித்தால் 2 படை. அதே புளோக் பெரியவர் அதன்மேல் விரலை வைத்து, "இங்க என்ன நடந்துச்சுன்னு தெரியுமா?" என்று கேட்டார். 1942 பிப்ரவரி 14 அன்று அங்கே புகுந்த ஜப்பானியப் படையினர் நோயாளிகளையும் ஊழியர்களையும் கொன்றார்கள். எனக்கு அது பள்ளிப் பாடமாகத் தெரியும், வரையும்போது கை நிற்கவில்லை. அன்றிரவே எடுத்துவிட்டேன். உண்மையான போரை வைத்துக் களம் செய்தால், அந்தத் தலைமுறை வீட்டார் ஒருவருக்காவது அச்சுக்கு முன் காட்டிவிடுங்கள்.

9. இப்போது வரையலாம்

தொடர்ந்து மூன்று ஆட்டத்தில் இணைப்புப் பட்டியல் மாறவில்லை என்றால் கணினியைத் திறங்கள். இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருள் இலவசம், போதும். கோடுகள், பெயர்கள், வண்ணம் ஆகியவற்றைத் தனித்தனி அடுக்கில் வையுங்கள்.

தமிழில் பெயர் எழுதுவோருக்குத் தனி எச்சரிக்கை. 'பாசிர் பாஞ்சாங்' ஆங்கிலத்தில் பிடிப்பதைவிட அதிக அகலம் பிடிக்கும். இடத்தின் உருவத்தைப் பெயருக்கு ஏற்ப அகட்டுங்கள், எழுத்தைச் சுருக்காதீர்கள். சிறிய எழுத்தில் புள்ளி காணாமல் போய் 'ஜூரோங்' 'ஜூரோங' ஆகிவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு இலவசம், சிறிய அளவிலும் தெளிவாக இருக்கிறது. அச்சுக்கு அனுப்பும்முன் எழுத்துகளை வடிவக் கோடாக மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கடைக் கணினியில் அந்த எழுத்துரு இருக்காது, கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் போகும். என் இரண்டாவது பெரிய அச்சு அப்படித்தான் போனது, காசு திரும்பவில்லை.

10. செலவும் நாளும்

பிராஸ் பசா காம்ப்ளெக்ஸிலும் சன்ஷைன் பிளாசாவிலும் அச்சுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இரண்டு கடையில் விலை கேட்டுவிட்டுக் கொடுங்கள். முதலில் ஏ3 தாளில் ஒன்று அடித்துப் பாருங்கள், எனக்கு ஒன்றரை வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆனது. அதில் புள்ளி தெரிந்தால்தான் பெரியது.

எனக்கு மொத்தம் ஏறக்குறைய 190 வெள்ளி. அதில் நூற்றுக்கு மேல் வீணான அச்சும் லேமினேட்டும்தான். இந்த வரிசைப்படி போயிருந்தால் பருப்பு, பகடை, சில ஏ3 தாள், ஒரே ஒரு பெரிய அச்சு, அறைக் கட்டணம், டீ, கறிபாப் எல்லாம் சேர்த்து 80-க்குள் முடிந்திருக்கும்.

நாள் கணக்கு: காலண்டர் தாளில் இரண்டு வாரம். ஞாயிறுக்கு ஓர் ஆட்டம் என்று எட்டிலிருந்து பத்து ஞாயிறு. மூவர் ஆட்டம் ஒன்றரை மணி நேரம், ஆறு பேர் என்றால் மூன்று மணிக்குத் தயாராக வாருங்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் திருத்த ஒரு மாலை. வரைய மூன்று வாரம். வேலைக்குப் போய்க்கொண்டு செய்தால் நாலு மாதம் ஆகும்.

ஆட்டம் முடிந்து பருப்பை அள்ளும்போது தனி டப்பாவில் போட்டு, மூடியில் பெரிதாக எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டுச் சாம்பாரில் ஒருநாள் பகடை கிடைத்தது. ஐந்து விழுந்திருந்தது.